அந்தத் திருப்பத்தில் நான் காட்டாத கை

நம் மாதா கோயிலில் என் பெயரை ஒருமுறை வாசித்தார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய மாசி மாதம், பூசை முடிந்து அறிவிப்பு சொல்கிற நேரம். "நம் பங்கைச் சேர்ந்த சவரிராஜ், விபத்தில் சிக்கிய சகோதரர் ஒருவரைக் காப்பாற்றியிருக்கிறார்" என்று சொன்னார்கள். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். என் மனைவி ஸ்டெல்லா அழுதாள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அன்றைக்கு நற்கருணை வாங்காமல் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. தர்மபுரியில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறேன். உட்கார்ந்தே செய்கிற வேலை. தொப்பை போட்டது, சர்க்கரையும் எட்டிப் பார்த்தது. சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். ஸ்டெல்லா தன் பங்குக்கு வாரம் மூன்று நாள் கொள்ளு ரசம் வைத்தாள். பெங்களூரில் ஒருவர் விற்ற பழைய ரோடு சைக்கிளை வாங்கினேன். வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். ஞாயிறு விடியலில் ஓட்டுகிற ஏழெட்டுப் பேரோடு சேர்ந்துகொண்டேன். அங்கேதான் மாதேஷ் பழக்கமானான்.

மாதேஷ் பாப்பாரப்பட்டிப் பக்கம். மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவன். என்னைவிட எட்டு வயது சின்னவன். அவனுடையது இரும்பு பிரேம் போட்ட பழைய கியர் சைக்கிள். பெடல் மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரம் டிக் டிக் டிக் என்று ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சத்தம் விட்டுப்போகும். உள்ளே ஏதோ ஒரு பல் தேய்ந்திருந்தது. மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டான். "இந்தச் சத்தம் கேட்டா மாதேஷ் வர்றான்னு தெரியுமில்லங்ணா" என்பான். அந்தக் கட்டை வண்டியை வைத்துக்கொண்டு என்னை ஒவ்வொரு வாரமும் முந்துவான். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. வூட்ல அக்கா இன்னிக்குக் கொள்ளு ரசங்களா?" என்று கேலி வேறு.

கூட்டமாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவனுடைய பின்சக்கரத்தை ஒட்டி ஒரு முழம் தள்ளி வருவோம். காற்று தெரியாது, களைப்பு குறையும். ஆனால் பின்னால் வருகிறவனுக்கு முன்னவன் முதுகும் சக்கரமும்தான் தெரியும், சாலை தெரியாது. அதனால் முன்னவன் எதைப் பார்த்தாலும் கையை இறக்கிக் காட்ட வேண்டும். "குழி!", "மண்ணு!" என்று கத்தவும் வேண்டும். பின்னால் இருப்பவன் அதையே தனக்குப் பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல வேண்டும். தை மாதத்தில் இன்னொரு வார்த்தையும் சேரும்: "கொள்ளு!" நம் பக்கத்தில் கொள்ளுச் செடியைப் பிடுங்கித் தார்ச் சாலையில் பரப்புவார்கள். வண்டி ஏறி இறங்கினால் காய் உதிரும். பஸ்ஸை அது ஒன்றும் செய்யாது. எங்கள் மெல்லிய டயருக்குக் கீழே அந்த மணிகள் உருளும். தெரியாமல் ஏறினால் விழுந்தோம்.

மலையிலிருந்து இறங்கி அடிவாரத்து டீக்கடையை யார் முதலில் தொடுகிறானோ, அவன்தான் அடுத்த ஞாயிறு எங்கே போவது என்று சொல்வான். இரண்டு வருடமாக நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மாதேஷ் தொடுவான், "வத்தல்மலை" என்பான். எனக்கோ மேடில்லாத மட்டச் சாலைதான் பிடிக்கும். எங்கேயோ ஒரு எரிச்சல் உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்த மறு ஞாயிறு. விடியலில் வத்தல்மலை ஏறும்போது அடிவாரச் சாலை சுத்தமாக இருந்தது. எட்டு மணி வாக்கில் இறங்கினோம். மற்றவர்கள் மேலேயே பின்தங்கிவிட்டார்கள். கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியபோது நான் முன்னால், மாதேஷ் என் சக்கரத்தை ஒட்டிப் பின்னால். முதல் தடவையாக நான் முன்னால். ஒன்பது மணிப் பூசைக்கு நேரமாகிறது, அதனால்தான் வேகமாகப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

சிறுபாலத்தை ஒட்டி ஒரு திருப்பம். வளைந்ததும் பார்த்தேன். இடப்பக்கம் முழுக்கக் கொள்ளு. நாங்கள் மேலே இருந்தபோது பரப்பியிருக்கிறார்கள். நான் வலப்பக்கம் ஒதுங்கினேன். கையைக் காட்டவில்லை. கத்தவில்லை. நேரம் இல்லை என்று பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். நேரம் இருந்தது. ஒரு வார்த்தைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அவன் கொஞ்சம் தடுமாறட்டும், பிரேக் பிடிக்கட்டும், இன்றைக்கு நான் தொட்டுவிடுவேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் நினைத்தேன்.

சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் பத்துப் பதினைந்து மிதி மிதித்தேன். பிறகுதான் திரும்பினேன்.

மாதேஷ் சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கிடந்தான். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. காதிலிருந்து ரத்தம். கொள்ளுக்காரர் கோவிந்தனும் அவர் மனைவியும் "ஐயோ சாமி, ஐயோ சாமி" என்று ஓடி வந்தார்கள். சைக்கிள் பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்தது. அதன் பின்சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. டிக் டிக் டிக்... ஒன்று விட்டு, மறுபடி டிக் டிக் டிக். அது நிற்கும்வரை நான் அசையவில்லை.

அப்புறம் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். சட்டையைக் கழற்றிக் கட்டினேன். தக்காளி ஏற்றிப் போன வண்டியை மறித்து அதில் படுக்க வைத்தேன். மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டே போனேன். முதலில் தர்மபுரி, பிறகு சேலம். அவன் மனைவி சுமதி வந்தபோது என் உடம்பெல்லாம் அவன் ரத்தம். அதைப் பார்த்துத்தான் அவள் என்னைக் காப்பாற்றியவன் என்று நினைத்துக்கொண்டாள்.

நினைவு இல்லாமல் பதினொரு நாள் கிடந்தான். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். ஆண்டவரே, இவன் பிழைக்க வேண்டும். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. அந்தச் செபத்தில் பொய் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஏழாம் நாள் டாக்டர் வெளியே வந்து, "விரலை அசைக்கிறார், எழுந்துவிடுவார்" என்றார். சுமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பயம். எழுந்தால் சொல்வானே. அன்றைக்கு மாலை அதே செபமாலையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று கேட்டேன். மாதா சாட்சியாக, அந்த வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன். "ஆண்டவரே, அவன் எழட்டும். அந்தத் திருப்பம் மட்டும் அவனுக்கு ஞாபகம் வர வேண்டாம்."

இரண்டையும் கொடுத்தார்.

மாதேஷ் கண் திறந்தான். மகனைத் தெரிந்தது, சுமதியைத் தெரிந்தது, என்னைத் தெரிந்தது. அந்த ஞாயிறு மட்டும் இல்லை. "காலைல சைக்கிள எடுத்தனா? எங்க போனோம்?" என்று கேட்டான். தலையில் அடிபட்டவர்களுக்கு இது சகஜம் என்றார் டாக்டர். செபம் கேட்கப்பட்டது என்று சந்தோஷமாகச் சொல்வோம் இல்லையா? என் செபம் கேட்கப்பட்டபோது நான் ஆண்டவருக்குப் பயந்தேன்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம் வர ஆரம்பித்தது.

முதலில் சாலையில். ஒரு மாதம் கழித்துத் தனியாகச் சைக்கிளை எடுத்தேன். பென்னாகரம் ரோட்டில் ஒரு இறக்கம். மிதிப்பதை நிறுத்தினேன். எனக்குப் பின்னால் டிக் டிக் டிக்... ஒன்று விட்டு, டிக் டிக் டிக். திரும்பினால் காலிச் சாலை. என் சைக்கிளில் அந்தச் சத்தம் வராது. கடைக்காரரிடம் காட்டினேன், கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பிறகு கடையில், லென்ஸ் மிஷினை அணைத்ததும் வந்தது. வூட்டில் ஸ்டெல்லா முறத்தில் கொள்ளைக் கொட்டிப் புடைத்தபோது வந்தது. கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். அன்றோடு எங்கள் வூட்டில் கொள்ளு நின்றது. கோயிலில் நற்கருணையை உயர்த்தும்போது, எல்லோரும் மூச்சடக்கி மண்டியிட்டிருக்கிற நேரத்தில், பின் வரிசையிலிருந்து வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, டிக் டிக் என்றது.

சுமதி தீர்த்தமலைக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு ஒரு பாட்டிலில் தீர்த்தம் கொண்டு வந்தாள். "நீங்க வேற சாமி கும்புடறவங்கதான். இருந்தாலும் தெளிச்சுக்கங்கண்ணா. நீங்க இல்லன்னா என் தாலி இல்ல" என்று என் முகத்தில் தெளித்தாள். குளிர்ந்த தண்ணீர்தான். எனக்குச் சுட்டது.

அந்த வருடம் புரட்டாசியில் ஒருநாள் அந்த அடிவாரத்துப் பக்கம் போனேன். சுற்றிலும் எல்லோரும் கொள்ளு விதைத்திருந்தார்கள். சிறுபாலத்தை ஒட்டிய புன்செய்க் காடு மட்டும் தரிசாகக் கிடந்தது. கோவிந்தன் வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். விபத்துக்குப் பிறகு ஊர்க்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உன் கொள்ளுதான் ஒரு குடும்பத்தைச் சாய்த்தது என்று முகத்துக்கு நேராகப் பேசியிருக்கிறார்கள்.

"ஏன் வெதைக்கலீங்க?" என்று கேட்டேன்.

"மனசு வரலீங்க. அந்தத் தம்பி வுழுந்த சத்தம் காதுலயே இருக்குது. நானு ஒரு பாவி" என்றார்.

அவருக்கும் சத்தம் கேட்கிறது. என் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் சைக்கிளைத் திருப்பினேன்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பங்குச் சாமியார் திட்டவில்லை. "இதை எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவர்கிட்ட?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். அதன் பிறகும் நான்கு மாதம் இழுத்தேன். எத்தனையோ முறை மாதேஷ் வூட்டுக்குப் போய், டீ குடித்து, அவன் மகன் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். அவனுக்கே நினைவு வரட்டும் என்றுகூடச் செபித்தேன். நான் சொல்ல வேண்டியிருக்காதே! என் தந்திரம் ஆண்டவருக்குத் தெரியாதா? அதை அவர் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் மண்டியிட்டு, "எனக்கு வாயைத் தாரும். என்ன ஆனாலும் சரி, வாயைத் தாரும்" என்று கேட்டேன்.

மறு வாரம் மாதேஷ் போன் செய்தான். இடது கையில் பிடி கொஞ்சம் குறைவுதான், ஆனால் அதே பழைய சைக்கிளைச் சரிசெய்து ஓட்ட ஆரம்பித்திருந்தான்.

"அண்ணா, அந்த எடத்த எனக்குக் காட்டுங்க. எனக்கு ஒரு நாளு காணாமப் போயிருக்குது. நேர்ல பாத்தாவாச்சும் வருதான்னு பாக்கறேன்" என்றான்.

விபத்து நடந்து சரியாக ஒரு வருடம். அதே தை மாதம். மெதுவாக ஏறினோம். நாலைந்து வளைவு மேலே போய்த் திரும்பினோம். "நீங்க முன்னாடி போங்கண்ணா, எனக்கு எடம் தெரியாதே" என்றான். இறங்கினோம். எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டிக் டிக் டிக்... ஒன்று விட்டு. இந்தத் தடவை திரும்பிப் பார்த்தால் அங்கே அவன் இருப்பான். அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

கடைசி வளைவு. சிறுபாலம். திருப்பம். கோவிந்தன் விதைக்காததால் சாலையில் ஒரு மணி கொள்ளு இல்லை. கழுவிவிட்டதுபோல் வெறும் தார். நான் என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் என் இடது கை தானாக இறங்கியது. வாய் திறந்தது.

"கொள்ளு! மாதேசு, கொள்ளு!"

அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. நான் நின்றேன். அவன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சாலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எங்கங்ணா கொள்ளு? ஒண்ணுமில்லியே?"

"அன்னிக்கு இருந்துச்சு மாதேசு" என்றேன். "நான் பாத்தேன். பாத்துட்டு ஒதுங்கிட்டேன். உனக்குக் காட்டல."

"தெரியாம..."

"தெரிஞ்சுதான். உன்ன முந்தணும்னு."

வாய் கேட்டேன், கொடுத்தார். ஒரு வருடமாக வராத வார்த்தை, காலிச் சாலையில் வந்தது. இதைத்தான் நான் அற்புதம் என்று சொல்கிறேன். அதன் பிறகு நடந்தது இனிக்கவில்லை.

மாதேஷ் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தன் இடது கையை மூடி மூடித் திறந்தான். பிறகு சொன்னான்.

"எனக்கு அந்த நாளு இன்னும் ஞாபகம் வரலீங்ணா. ஆனா நான் எப்படி வந்திருப்பேன்னு தெரியும். நீங்க கை காட்டுவீங்கன்னு நம்பித் தல தூக்காம வந்திருப்பேன்."

நான் அழுதேன். அவன் என்னைத் தேற்றவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, "அந்தாளு ஒரு வருசமா கொள்ளு வெதைக்கல. மொதல்ல அவருகிட்டப் போயி சொல்லுங்க" என்றான். ஏறாமல் தள்ளிக்கொண்டே போய்விட்டான்.

போய்ச் சொன்னேன். கோவிந்தன் கேட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவிதான் பேசினார். "இவரு ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கினு இருந்தாரே, பாதிச் சோத்துல கை கழுவுனாரே. நீ வூட்ல நல்லா தின்னியா? போ. இங்க நிக்காத" என்றார். நியாயம்தான், வெளியே வந்தேன். ரோடு வரைக்கும் கோவிந்தன் பின்னால் வந்தார். "ஒரு செவப்புத் துணியாச்சும் கட்டி வச்சிருக்கணும்ங்க. அது என் தப்பு. மீதி உங்களுது" என்றார். அன்றைக்கு எனக்கு அந்தக் கணக்கு போதும் என்று இருந்தது.

சுமதியிடம் மாதேஷே சொல்லியிருக்கிறான். அவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. ஏழு மாதம் மாதேஷும் பேசவில்லை. ஆவணியில் ஒரு ஞாயிறு விடியலில் சைக்கிளோடு வந்து நின்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாராவாரம் வந்தான். ஆனால் என் சக்கரத்துக்குப் பின்னால் வரவே மாட்டான். வேறு யாரையாவது நடுவில் விட்டுக்கொள்வான். அது எனக்குப் புரிந்தது.

இந்தத் தை மாதம் மறுபடி வத்தல்மலை. இறங்கும்போது முன்னால் நான் மட்டும். கடைசி வளைவில் பின்னால் கேட்டது. டிக் டிக் டிக்... ஒன்று விட்டு, டிக் டிக் டிக். வழக்கம்போல் வெறும் சத்தம் என்றுதான் நினைத்தேன். திரும்பவில்லை. சிறுபாலத்துக்கு முன்னால் ஒரு கழியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. திருப்பத்தில் இடப்பக்கம் முழுக்கக் கொள்ளு. கோவிந்தன் விதைத்திருக்கிறார்! கையை நன்றாக இறக்கிக் காட்டினேன்.

"கொள்ளேய்!"

ஒரு முழத் தூரத்தில், என் முதுகுக்குப் பின்னால், மாதேஷின் குரல் அதைத் திருப்பிச் சொன்னது.

"கொள்ளேய்!"

அவனுக்குப் பின்னால் இன்னொரு குரல், அதற்கும் பின்னால் இன்னொன்று. மலை அடிவாரம் முழுக்கக் கேட்டது. சாலையோரம் கோவிந்தனின் மனைவி விளக்குமாறோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நாங்கள் போவதற்காக ஓரத்தில் சிதறியிருந்த மணிகளைக் கூட்டி உள்ளே தள்ளினார்.

டீக்கடையில் மாதேஷ்தான் முதலில் தொட்டான். தொட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "அடுத்த வாரம் எங்கன்னு நீங்க சொல்லுங்ணா" என்றான். வத்தல்மலை என்றேன்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, சில நாள் பூசை நேரத்தில்கூட. அதை எடுத்துவிடும் என்று ஆண்டவரிடம் நான் கேட்பதில்லை. என்னை நம்பி ஒருவன் பின்னால் வருகிறான் என்று அது சொல்கிறது. மாதேஷைப் பிழைக்க வைத்தார், அதற்கு நன்றி. எனக்கு வாயைக் கொடுத்தார், அதற்கு அதைவிட நன்றி. இப்போது கேட்கும் முன் யோசிக்கிறேன். நாம் பயந்து கேட்பதையும் சில நேரம் அவர் கொடுத்துவிடுகிறார், அதைச் சுமக்கவும் நம்மையே விடுகிறார். உங்களில் யாராவது என்னைப்போல் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் ஒதுங்கி வந்திருந்தால், என்னை நம்புங்கள்: வாயைக் கேளுங்கள், தருவார். அந்த வார்த்தை எங்கே, எப்படி வரும் என்று மட்டும் நமக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்காகக் கை தட்டினீர்களே. அந்தக் கைகளைக் கோவிந்தனின் மனைவிக்காகவும் சுமதிக்காகவும் ஒரு நிமிடம் குவியுங்கள்.